மலை மக்களின் பொருட்களை ஏ.ஐ. விளக்கினால், அதற்குச் சொல்லிக்கொடுப்பது யார்?

கோத்தகிரி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்தில் தனியார் காட்சிக்கூடம் ஒன்று அடுத்த சீசனுக்குள் திறக்கப்போகிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் வீடுகளில் விலைக்கு வாங்கிச் சேர்த்த பொருட்கள், அப்புறம் நூறு வருடத்துக்கு முந்தைய புகைப்படங்கள். விளக்கம் சொல்ல ஆள் வைக்கப்போவதில்லையாம். போனைப் பொருளுக்கு நேரே நீட்டினால் ஏ.ஐ. அதை அடையாளம் கண்டு தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் பேசும். திருப்பிக் கேள்வி கேட்டால் பதிலும் சொல்லும். பொருட்களைப் படம் எடுத்துத் தர எங்கள் பள்ளி ஓவிய வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்கள். மாதிரிச் செயலியையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

பார்த்தோம். வேங்கைப் பிசினில் வரைந்த குறும்பர் ஓவியத்தை மகாராஷ்டிரத்து வார்லி ஓவியம் என்றது. கோத்தர் பெண்கள் வனைந்த பானையைக் கேரளத்துச் சமையல் பாத்திரம் என்றது. தோடர் போர்வையான புத்துக்குளியைக் காட்டினால், பெண்கள் திருவிழா நடனத்துக்கு அணியும் சால்வை என்று சரளமாகச் சொன்னது. அது ஆண்களும் பெண்களும் போர்த்துவது, இறந்தவர்களைப் போர்த்தி வழியனுப்புவதும் அதைக்கொண்டுதான் என்று வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து சொன்னாள்.

பிழைகளைத் திருத்திவிடலாம். என்னை உறுத்துவது அந்தக் குரலில் தயக்கமே இல்லாதது. ஒரு நாள் சுற்றுலாவுக்கு வரும் குடும்பம் அதை நம்பிக்கொண்டுதான் மேட்டுப்பாளையம் இறங்கும். அதே கூடத்துக்கு அந்தப் பிள்ளையின் பாட்டி வந்தால், தன் போர்வையைப் பற்றித் தனக்கே ஒரு போன் பாடம் எடுப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும். எனக்கு அது பொறுக்கவில்லை.

பிள்ளைகளை அனுப்பலாமா? அனுப்பினால் என்ன நிபந்தனை கேட்கலாம்? இந்தத் துறை தெரிந்தவர்களும், பொருட்களுக்கு உரிய வீட்டுக்காரர்களும் இங்கே இருக்கிறீர்கள். விரிவாகவே எழுதுங்கள்.

ஹட்டி பொறியாளர்:

டீச்சர், நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பிறந்தவன். இப்போது பெங்களூரில் இதே மாதிரிப் படம் அறியும் மென்பொருளில் வேலை. வார்லி என்று ஏன் சொன்னது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரிகள் இணையத்தில் கிடைக்கும் படங்களையும், படத்தோடு ஒட்டியிருக்கும் எழுத்தையும் சேர்த்துப் படித்துப் பழகியவை. 2022-இல் வெளியான லயான் 5பி என்ற தொகுப்பில் மட்டும் 585 கோடி ஜோடிகள். வார்லி இன்று சேலையில், கோப்பையில், ஓட்டல் சுவரில் எல்லாம் இருக்கிறது. அதனால் இணையத்திலும் ஏராளம். குறும்பர் ஓவியம் அங்கே மிகக் குறைவு, இருப்பதிலும் சரியான பெயரோடு இருப்பது இன்னும் குறைவு. குச்சி மனிதர்கள், மண் நிறம், மரம், கூட்டமாக ஆட்டம் என்று பார்த்தவுடன் தனக்குப் பழக்கமான பெயரை எடுத்து ஒட்டிவிடுகிறது. பேசும் பகுதி வேறு. அது அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக்கொண்டே போவது. தெரியாத இடத்திலும் சொற்கள் வந்துகொண்டேதான் இருக்கும், அதனால்தான் தயக்கம் இல்லை.

இதற்கு மருந்து உண்டு. தானாகப் பேசவிடாமல், காட்சிக்கூடம் தரும் குறிப்புகளுக்குள் தேடி, அங்கே இருப்பதை மட்டும் சொல்லும்படி கட்டலாம். குறிப்பு இல்லையென்றால் இல்லை என்று சொல்லி நிறுத்தும்படியும் செய்யலாம். பிழை அடியோடு ஒழியாது, ஆனால் வெகுவாகக் குறையும். அப்போது நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி, அந்தக் குறிப்புகளை எழுதப்போவது யார் என்பது.

நல்ல பக்கத்தையும் சொல்லவேண்டும். நீலகிரி மலை உச்சிகளில் இருந்த கல்வட்டப் புதைகுழிகளை 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் தோண்டினார்கள். அடுக்கடுக்கான உயரமான ஜாடிகள், மூடிகளின் மேல் எருமை, குதிரை, மனித உருவங்கள், வெண்கலக் கிண்ணங்கள், தங்க நகைகள் எல்லாம் கிடைத்தன. ஒரு பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில், ஒரு பங்கு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். ஒரே குழியில் கிடந்த ஜாடியும் மூடியும் இரண்டு நாட்டில் இருக்கலாம். இரு பக்கமும் முப்பரிமாணப் படம் எடுத்துக் கொடுத்தால், எந்த விளிம்பு எதோடு பொருந்தும், எந்தக் கை வனைந்த உருவங்கள் ஒன்றுபோல இருக்கின்றன என்று கணினியால் சலித்துப் பார்க்க முடியும். மனிதர் ஒருவர் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் நடக்காத வேலை. ஏ.ஐ.யை மலைக்குக் கொண்டுவந்தால் இதற்காகக் கொண்டுவர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

குன்னூர் அச்சகம்:

டீச்சர் கேட்டதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை நான் கேட்கிறேன். கடைகளுக்குத் துணிப்பை, மேசைவிரிப்பு, சாவிக்கொத்து அட்டை எல்லாம் அச்சடித்துத் தருபவன் நான். இப்போது டிசைன் முழுக்க ஏ.ஐ.யில்தான். தோடா டிசைனில் ஒரு பார்டர் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டால் உடனே நாலு படம் காட்டுகிறேன், பிடித்ததை அடிக்கிறேன். கையால் செய்த சால்வை வாங்குபவர் வேறு, என் பை வாங்குபவர் வேறு. ஒருவர் வருமானத்தை இன்னொருவர் எடுப்பதாக எனக்குப் படவில்லை.

2018-இல் ஏ.ஐ. உருவாக்கிய ஒரு உருவப்படம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 4,32,500 டாலருக்குப் போனது. நியூயார்க் மோமா அருங்காட்சியகம், தன் சேகரிப்பில் உள்ள 1,38,000 படைப்புகளின் தரவைக் கொண்டு ரெஃபிக் அனாடோல் என்ற கலைஞர் ஏ.ஐ.யில் செய்த அசையும் படைப்பை 2022-இல் பெரிய திரையில் வைத்தது, மறு வருடம் தன் சேகரிப்பிலேயே சேர்த்துக்கொண்டது. அங்கே கலை என்று போற்றுவதை நான் குன்னூரில் செய்தால் மட்டும் ஏன் குறை சொல்கிறார்கள்? சண்டைக்காகக் கேட்கவில்லை, பதில் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நூலெண்ணும் மகள்:

அண்ணா, நேராகக் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். எங்கள் அம்மாவும் பெரியம்மாவும் தோடர் எம்பிராய்டரி போடுகிறவர்கள். நானும் போடுவேன்.

துணியில் நாங்கள் எதையும் வரைந்துகொள்வதில்லை. சட்டம் மாட்டுவதில்லை, அச்சுத்தாள் கிடையாது. பருத்தித் துணியின் இழையை எண்ணிக்கொண்டே போவோம். எத்தனை இழை தாண்டி ஊசி இறங்குகிறது, எத்தனை தாண்டி ஏறுகிறது என்பதுதான் டிசைன். சிவப்பு நூல், கறுப்பு நூல். இரண்டு பக்கமும் போர்த்தலாம். ஒரு இழை தப்பினால் சில வரிசை தள்ளி வடிவம் கோணிக்கொள்ளும், பிரித்துவிட்டுத்தான் மேலே போகமுடியும். வீட்டு வேலை, எருமை, தோட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும்.

ஊட்டியில் ஒரு கடையில் இப்படிப்பட்ட அச்சுப் பை தொங்கியது. அதில் கறுப்பு சிவப்புக் கோட்டுக்கு நடுவே கொடி மாதிரி வளைவு. இழை எண்ணிப் போடும் கைக்கு அந்த வளைவு வராது. நேர்கோடும் படிக்கட்டும்தான் வரும். அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, தூரத்திலிருந்தே இது யாரும் போட்டதில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் கடைக்காரர் பக்கத்தில் நின்றவரிடம் அதைத் தோடா எம்பிராய்டரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தை வேறு வேறு என்கிறீர்கள். கண்காட்சியில் நாங்கள் ஸ்டால் போட்டால், அங்கே மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தப் பையின் விலையைச் சொல்லித்தான் எங்கள் சால்வைக்குப் பேரம் பேசுகிறார்கள்.

மோமா பற்றிக் கேட்டீர்கள். அது தன் சேகரிப்பைத் தானே எடுத்துக் கொடுத்தது, எந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியும். எங்கள் வேலைப்பாட்டை ஏ.ஐ.க்குக் கொடுத்தது யார்? பொட்டானிக்கல் கார்டனுக்கு மேலே இருக்கும் மந்துக்கு, அதாவது எங்கள் குடியிருப்புக்கு, தினமும் ஆட்கள் வருகிறார்கள். வாசலில் உட்கார்ந்து ஊசி போடுகிறவரைக் கேட்காமலே படம் எடுக்கிறார்கள், அன்று இரவே இணையத்தில் போடுகிறார்கள். அங்கிருந்து யார் எடுத்துப்போனார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

டீச்சர், உங்கள் கேள்விக்கும் இதிலிருந்தே வருகிறேன். எருமைப் பாலைப் பூசையாகக் கையாளும் எங்கள் பால் கோயிலுக்குள் பெண்களான நாங்களே போவதில்லை. அங்கே செய்யும் காரியங்களைப் பற்றி வெளியாட்கள் கேட்டால் பெரியவர்கள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் குரல் ஒன்றை அந்தக் கூடத்தில் வைத்தால், அது இதற்கும் பதில் சொல்லும். எதைச் சொல்லக்கூடாது என்பதும் எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அதையும் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழைய காப்பாளர்:

மகளே, நீ கடைசியில் சொன்னது எல்லாவற்றிலும் முக்கியம். நான் அரசு அருங்காட்சியகப் பணியிலிருந்து ஓய்வுபெற்று அரவங்காட்டில் இருக்கிறேன். அந்தக் குரல் எங்கிருந்து படித்துவிட்டுப் பேசும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். புதைகுழிகளைத் தோண்டிப் பொருள் சேர்த்தவர்களில் முக்கியமானவர். 1872-இல் இறந்தார். மறு வருடம் அவர் மனைவி அவருடைய குறிப்புகளைப் புகைப்படங்களோடு நூலாக வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தோடர்கள், கோத்தர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து 1896-இல் அருங்காட்சியக இதழில் போட்டார். 1909-இல் அவரும் ரங்காச்சாரியும் சேர்ந்து தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள். நடுவில் 1906-இல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தோடர்களைப் பற்றி எழுதிய பெரிய நூல். நீ வெளியே பேசுவதில்லை என்று சொன்ன பால் கோயில் காரியங்களைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

இவை எல்லாம் காப்புரிமைக் காலம் முடிந்தவை. எழுத்தெழுத்தாக இணையத்தில் இருக்கின்றன. இயந்திரம் படிக்க இதைவிட வசதியான தீனி வேறில்லை. மந்துகளிலும் கோத்தர் ஊர்களான கோக்கால்களிலும் இன்று இருப்பவர்கள் சொல்வது அச்சில் ஏறியது கொஞ்சம், இணையத்தில் அதைவிடக் கொஞ்சம். ஆகவே டீச்சர் கேட்ட அந்தக் குரல் புதுசாக இருந்தாலும், பேசுவது அளவுகோலோடு மலையேறியவர்கள்தான்.

பொருட்பட்டியலிலும் இதே கோளாறு. பழைய பதிவேட்டைத் திறந்தால் சேகரித்தவர் பெயர் இருக்கும், வந்து சேர்ந்த வருடம் இருக்கும், பெரும்பாலும் இடமும் இருக்கும். செய்தவர் பெயர் இருக்காது. யாரும் கேட்டு எழுதவில்லை. மத்திய அரசின் அருங்காட்சியகங்களுக்காக அரசுக் கணினி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ஜதன் என்ற மென்பொருள் வழியாகப் பட்டியல்கள் இணையத்துக்கு வந்திருக்கின்றன. அதை முழுமனதோடு வரவேற்கிறேன், வீட்டிலிருந்தே எவரும் பார்க்கலாம். ஆனால் பதிவேட்டில் இருந்த ஒரு தவறு முன்பு ஒரு கண்ணாடிப் பெட்டியோடு நின்றது. இனி அது எத்தனை போனில் பேசும் என்று கணக்கே இல்லை.

இதைப் பொறுப்போடு செய்த இடமும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கும், ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த இரவுக் காவல் ஓவியத்தை, 1715-இல் நகர மண்டபச் சுவருக்குள் அடக்குவதற்காக நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் கிடைக்கவேயில்லை. வெட்டுவதற்கு முன் வேறொருவர் சின்ன அளவில் எடுத்த நகல் ஒன்று இருந்தது. ரெம்பிராண்டின் நிறத்தையும் தூரிகைப் போக்கையும் கணினிக்குப் பழக்கி, அந்த நகலின் ஓரங்களை அவர் பாணிக்கு மாற்றி, 2021-இல் அச்சிட்டு மூல ஓவியத்தைச் சுற்றிலும் பொருத்தினார்கள். இடது ஓரத்தில் காணாமல்போன ஆட்கள் திரும்பி வந்தார்கள், நடுவில் நின்ற தலைவர்கள் நடுவிலிருந்து சற்று விலகி, கூட்டமே நடந்து வருவதுபோல ஆனது. எனக்கு இதில் பிடித்தது அவர்கள் காட்டிய ஒழுங்கு. மூலத்தின் மேல் ஒரு புள்ளி வைக்கவில்லை. எது ரெம்பிராண்ட், எது கணினி என்று யார் வந்து பார்த்தாலும் தெரிந்தது. சில மாதம் கழித்துக் கழற்றிவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்தில் ஒரு வட்ட ஓவியத்தைப் பற்றி 2023-இல் நடந்ததையும் பாருங்கள். ரஃபேல் வரைந்த மேரியின் முகத்தோடு 97 சதவீதம் ஒத்துப்போகிறது என்றது ஒரு கணினி. அது ரஃபேல் வரைந்தது இல்லை என்பதற்கு 85 சதவீதம் வாய்ப்பு என்றது இன்னொரு கணினி. சதவீதம் போட்டுச் சொல்வதால் தீர்ப்பு ஆகிவிடாது.

செண்பகனூர் வாசி:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். ஐயா சொன்ன ஒழுங்குக்கு எங்கள் மலையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

1899-இல் தொடங்கிய இங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் ஒவ்வொரு நாளும் சூரியனைப் பார்த்து, கரும்புள்ளி, இழை, பிழம்பு எங்கெங்கே இருந்தது என்று வட்டம் அச்சிட்ட தாளில் வேறு வேறு நிறத்தில் கையால் வரைந்து வைத்தார்கள். மேகம் மறைத்த நாட்கள் போக, தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. கலைக்கூடத்தில் தொங்கவிட்டால் நான் மணிக்கணக்கில் நின்று பார்ப்பேன், அத்தனை அழகு. இப்போது தாள்களைப் படமாக்கி, நிறத்தை வைத்துக் குறிகளைப் பிரித்தறியக் கணினிக்குப் பழக்கி, நூறு வருடத்துச் சூரியன் எப்படி மாறியது என்ற கணக்கை எடுத்திருக்கிறார்கள். கையால் எண்ணினால் எப்போது முடியும் என்றே சொல்லமுடியாத வேலை.

இங்கே கணினி புதிதாக எதையும் வரையவில்லை. வரைந்தவர் வைத்த குறியைப் படித்தது. சந்தேகம் வந்தால் அன்றைய தாளை எடுத்துப் பார்க்கலாம். டீச்சர் கூடத்தின் குரலும் இப்படித்தான் இருக்கவேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் எடுத்துக் காட்ட ஒரு தாள், அல்லது சொன்ன ஒரு ஆள்.

எங்கள் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பழனி மலைக் கற்திட்டைகளில் கிடைத்த பொருட்கள் இருக்கின்றன. ஆங்லேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் அவற்றைப் பற்றி எழுதியது 1928-இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. பிற்பாடு தாண்டிக்குடியில் அகழாய்வும் நடந்தது. பாதிரியார்களின் குறிப்பையும் புது அகழாய்வின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று ஒரு இயந்திரம் தேடிக் கொடுத்தால் நான் மகிழ்ச்சியோடு பயன்படுத்துவேன். பளியர், புலையர் ஊர்களில் அந்தக் கற்களுக்கு என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் எந்த இயந்திரமும் தேடித் தராது. நடந்துபோய்க் கேட்கவேண்டும்.

குன்னூர் அச்சகம்:

தங்கச்சி, வளைவு பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். என்னிடம் இருக்கும் டிசைன்களை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் அப்படி ஏதோ ஒன்று ஓடுகிறது. தோடா என்ற பெயரை இனி அட்டையில் போடவேண்டாம் என்று கடைக்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன். ஆனால் கறுப்பு சிவப்புக் கோட்டை யாரும் போடக்கூடாது என்று சொன்னால் அதை ஏற்கமாட்டேன். உண்மையான வடிவத்துக்குப் பணம் கொடுத்து அனுமதி வாங்கி அடிக்க நான் தயார். யாரிடம் கேட்பது, யாரிடம் கொடுப்பது? அதுவும் தெரியாமல்தான் எல்லோரும் ஏ.ஐ.யிடம் போகிறார்கள்.

கூடலூர் வக்கீல்:

சட்டம் எதுவரை வரும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம், தமிழக அரசின் கைவினைக் கழகமான பூம்புகார் மூவரும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். இந்தக் குறியீடு காப்பது பெயரை. கையால் போடாத ஒன்றை அந்தப் பெயரில் விற்றால் நடவடிக்கை எடுக்கலாம். அச்சகம் அண்ணன் பெயரை எடுத்துவிட்டு வெறும் வடிவத்தை மட்டும் அடித்தால் குறியீட்டுச் சட்டம் பெரிதாக உதவாது.

காப்புரிமைச் சட்டமும் அங்கே கைவிடும். 1957-ஆம் ஆண்டுச் சட்டம் தனி ஆசிரியரைத் தேடுகிறது. அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 வருடமும் என்று கணக்கு வைக்கிறது. பாட்டிக்குப் பாட்டி காலத்திலிருந்து கைமாறி வரும் வடிவத்துக்கு எந்த ஒருவரை ஆசிரியர் என்று காட்டுவது? அதே சட்டத்தில் கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இப்போதைய ஏ.ஐ. வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுதியது. அதன்படி பொத்தானை அழுத்தியவர் உரிமை கேட்டு நிற்கலாம், பரம்பரையாகச் செய்பவர் நிற்க முடியாது என்ற நிலை வரக்கூடும். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அமெரிக்காவில் வேறு மாதிரி: 2022-இல் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் பரிசு வாங்கிய, மிட்ஜர்னி என்ற ஏ.ஐ.யில் செய்த படத்துக்கு அங்குள்ள காப்புரிமை அலுவலகம் மறு வருடம் பதிவு மறுத்துவிட்டது, ஏ.ஐ. உருவாக்கிய பகுதி மனிதர் படைப்பு ஆகாது என்று.

ஆகவே டீச்சர், சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவேண்டாம். ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்குவது மட்டும்தான் கையில் இருக்கும் காப்பு.

நூலெண்ணும் மகள்:

அச்சகம் அண்ணா, யாரிடம் கேட்பது என்றால் எங்கள் சங்கத்தில் கேளுங்கள். என்னிடமோ அம்மாவிடமோ தனியாகக் கேட்டு நாங்கள் சரி என்றால் அது எல்லோருடைய சரி ஆகிவிடாது. கூடிப் பேசுவார்கள், நாள் ஆகும். சில வடிவங்களைத் தருவார்கள், சிலவற்றைத் தரமாட்டார்கள். அந்த நாளைப் பொறுத்துக்கொள்பவர் எவர் வந்தாலும் மதிப்போடு பேசுவார்கள்.

காட்டுவழி நடப்பவர்:

படம் எடுக்கும் பிள்ளைகளுக்காக ஒரு எச்சரிக்கை. போனில் எடுக்கும் படத்தோடு எடுத்த இடமும் பதிவாகிறது. கோத்தகிரிக்குக் கீழே கரிக்கையூர்ப் பக்கம் பொறிவரையில் இருக்கும் பாறை ஓவியங்கள் என்ன ஆயின என்று தெரியும் அல்லவா? ஆட்கள் போய்ப் போய்க் கிறுக்கியதில் பல உருவங்கள் கெட்டுவிட்டன. அந்த ஆயிரமாண்டுச் சுவரில் தன் பெயரைச் செதுக்கியவனை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வெள்ளரிக்கொம்பையில் ஓவியம் உள்ள எழுத்துப்பாறையைத் தங்கள் முன்னோர் எழுதியது என்றுதான் குறும்பர்கள் சொல்கிறார்கள், அதற்கும் இந்தக் கதி வரக்கூடாது.

மங்கிய நிறத்தைக் கணினியில் தூக்கிக் காட்டும் முறை உலகம் முழுக்கப் பாறை ஓவிய ஆய்வில் பழக்கத்தில் இருக்கிறது. பல கோணத்தில் படம் எடுத்துப் பாறையை முப்பரிமாணத்தில் சேமித்து வைக்கவும் முடியும். அதைச் செய்யவேண்டும், தாமதிக்காமல் செய்யவேண்டும். ஆனால் இடக்குறிப்பை அழித்துவிட்டுத்தான் படம் வெளியே போகவேண்டும். அந்தக் கூடத்தின் குரலிடம் பொறிவரைக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்டால், அது வழி சொல்லக்கூடாது.

ஹட்டி பொறியாளர்:

காட்டுவழி அண்ணன் சொன்னதையும் தங்கச்சி சொன்னதையும் தொழில்நுட்பத்தில் நிறைவேற்ற முடியும். பேசக்கூடாத பொருட்களையும் கேள்விகளையும் முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டால், அங்கே குரல் நின்றுவிடும்.

வெளிநாட்டில் ஒரு சமூகம் இதைவிட மேலே போயிருக்கிறது. நியூசிலாந்தின் வடகோடியில் தே ஹிக்கு மீடியா என்ற மாவோரி வானொலி நிலையம். தங்கள் மொழியைக் கணினிக்குப் புரியவைக்க, தங்கள் மக்களையே வாசிக்கச் சொல்லிப் பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் குரல் சேர்த்தார்கள். பெரிய நிறுவனங்கள் கைக்கு அந்தத் தரவைக் கொடுக்கவில்லை. தாங்கள் அதற்கு உரிமையாளர் என்றுகூடச் சொல்லாமல் காவலர் என்று சொல்லி, யார் பயன்படுத்தலாம், எதற்காக என்று தாங்களே உரிமம் எழுதினார்கள். சின்ன ஊர், சின்ன நிலையம். கோத்தகிரியிலும் ஆகக்கூடியது என்று நம்புகிறேன்.

டீச்சர், அந்தக் கூடத்திடம் இன்னொன்று கேளுங்கள். விளக்கத்தை ஏ.ஐ. குரல் வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. போன் பொருளை அடையாளம் காணட்டும், அது இயந்திரம் நன்றாகச் செய்யும் வேலை. அப்புறம் வரும் குரல் அந்தப் பொருளைச் செய்கிறவர் பேசிப் பதிவு செய்த குரலாக இருக்கட்டும், தோடர் மொழியிலும் கோத்தர் மொழியிலும், கூடவே தமிழிலும். ஒரு பொருளுக்கு இரண்டு நிமிடப் பேச்சு என்றால் சேமிக்க ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. பேசியவருக்கு ஊதியம் கொடுக்கட்டும். நான் லீவில் வரும்போது மென்பொருள் பக்கத்தை இலவசமாகச் செய்து தருகிறேன்.

கோத்தகிரி டீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அந்தக் கூடத்தாரிடம் போனில் பேசினேன். பிள்ளைகளை இப்போதைக்கு அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டேன். மறுக்கவில்லை, எழுத்தில் சில உறுதி கேட்டிருக்கிறேன். எடுக்கும் படங்களை வேறு எந்த ஏ.ஐ.க்கும் பழக்கக் கொடுக்கக்கூடாது, விற்கக்கூடாது. ஒவ்வொரு சமூகத்துப் பெரியவர்களும் செயலியைக் கேட்டுப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே திறக்கவேண்டும், பிற்பாடு வேண்டாம் என்று சொன்னாலும் எடுத்துவிடவேண்டும். படத்தில் இடக்குறிப்பு இருக்கக்கூடாது. தர்ஸ்டன் காலத்து அளவெடுத்த புகைப்படங்களை, அதில் இருப்பவர்களின் வழிவந்தவர்களிடம் கேட்காமல் வைக்கவே கூடாது. இது நானாகச் சேர்த்தது, பழைய காப்பாளர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு இரவெல்லாம் அதே நினைவாக இருந்தது.

அவர்கள் தயங்குகிறார்கள். செலவும் நாளும் கூடும் என்கிறார்கள். செய்பவர்களின் குரலைப் பதிவு செய்யலாம் என்ற யோசனை மட்டும் அவர்களுக்கு உடனே பிடித்துவிட்டது. சீசன் நெருங்க நெருங்க அவசரப்படுத்துவார்கள் என்று தெரியும். அதுவரை எங்கள் ஓவிய வகுப்பில் வேறு வேலை தொடங்குகிறோம். அந்தப் புத்துக்குளிப் பிள்ளையின் பாட்டி வகுப்புக்கு வரச் சம்மதித்திருக்கிறார். வெள்ளரிக்கொம்பையிலிருந்து ஓவியம் வரைபவர் ஒருவரையும் கேட்டிருக்கிறோம், வேங்கைப் பிசினையும் இலைச் சாற்றையும் அவரே கொண்டுவருவதாகச் சொன்னார். வந்துபோகும் செலவும் ஒரு நாள் கூலியும் பள்ளியிலிருந்து கொடுக்க ஏற்பாடு செய்தாயிற்று.

பழைய காப்பாளர்:

டீச்சர், கடிதத்தில் இன்னொரு வரி சேருங்கள். பொருட்பட்டியலில் செய்தவர் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கவேண்டும். விலைக்கு வாங்கிய பொருட்கள் என்கிறீர்கள். அப்படியானால் எந்த வீட்டில் வாங்கினோம் என்று இன்னும் நினைவிருப்பவர்கள் அங்கே இருப்பார்கள். இப்போதே போய்க் கேட்டால் பாதிப் பொருளுக்காவது பெயர் கிடைக்கும். பதிவேடு எப்படிப் பிரிப்பது என்று காட்ட நான் வருகிறேன், அரவங்காட்டிலிருந்து பஸ் இருக்கிறது. பாட்டி வரும் நாளைச் சொல்லுங்கள், அன்றே வைத்துக்கொள்ளலாம்.